போத்தலை எங்களிடம் பார்க்கிறார்கள், வாங்குவது வேறு இடத்தில்: திருகோணமலை சலூன்காரர் என்ன செய்கிறீர்கள்?

உவர்மலை_சலூன்

எல்லோருக்கும் வணக்கம். உவர்மலையில் பெண்களுக்கான சலூன் நடத்துகிறேன். தலைமுடி வேலைதான் கூட, கலியாண வீடு, சாமத்திய வீடு அலங்காரமும் செய்கிறோம். வேலைக்குக் குறைவில்லை. பிரச்சினை முன்னால் இருக்கும் கண்ணாடி அலுமாரிதான்.

சலூனுக்கென்றே வரும் ஷாம்பூ, கண்டிஷனர், மாஸ்க், சீரம் எல்லாம் அதில் அடுக்கி வைத்திருக்கிறேன். கலர் செய்தவர்களும் கெரட்டின் செய்தவர்களும் வீட்டில் கண்டதையும் போட்டு முழுகினால் நாங்கள் மணிக்கணக்காக நின்று செய்த வேலை சில வாரத்தில் போய்விடும். அதற்காகத்தான் விற்கத் தொடங்கினேன். ஆனால் நடப்பது வேறு. தலையைப் பார்த்து, எது பொருந்தும், எவ்வளவு எடுக்க வேண்டும், எத்தனை நாளைக்கு ஒருமுறை என்று எல்லாம் சொல்கிறேன். போத்தலைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கிறார்கள், போனில் படம் பிடிக்கிறார்கள், "அக்கா, சம்பளம் வரட்டும், எடுக்கிறன்" என்று போகிறார்கள். அடுத்த முறை வரும்போது அதே போத்தல் வீட்டில் இருக்கிறதாம், ஒன்லைனில் வாங்கியது. இல்லாவிட்டால் சுப்பர் மார்க்கட்டில் அதே நிறப் போத்தலில் இருந்த வேறொன்று.

வாடிக்கையாளரில் எனக்குக் கோபமில்லை. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360ஐத் தாண்டியபோது எல்லார் வீட்டிலும் என்ன நடந்தது என்று தெரியும். அதற்குப் பிறகு வற் வரியும் ஏறி ஏறி 2024 தொடக்கத்தில் 18 சதவீதமானது. வெளிநாட்டு ஷாம்பூ ஒன்று வாங்குவதற்கு முன் எந்தத் தாயும் பிள்ளையின் டியூஷன் காசை நினைப்பாள். அதை நான் குறை சொல்ல மாட்டேன். என் கேள்வி, நான் கொழும்பில் எடுக்கும் விலைக்கே ஒன்லைனில் அவர்கள் எப்படி விற்கிறார்கள்? இந்த அலுமாரியை நான் இன்னும் வைத்திருக்கத்தான் வேண்டுமா?

முன்னாள்_ரெப்

அக்கா, முதல் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். சலூன் பொருள் இறக்குமதி செய்யும் கொம்பனி ஒன்றில் கிழக்குப் பக்கம் பார்த்தவன் நான். மட்டக்களப்பு, திருகோணமலை இரண்டும் என் ரூட். கொம்பனிப் பெயர் வேண்டாம்.

மலிவாகக் கிடைக்கும் சாமான் நான்கு வழியால் வருகிறது. காலாவதிக்குக் கிட்ட வந்ததை விநியோகஸ்தரே மொத்தமாகத் தள்ளிவிடுவார். மாத டார்கெட்டுக்காகப் பெரிய சலூன் ஒன்று தேவைக்கு மேல் எடுத்திருக்கும், விலைக் கழிவோடு எடுத்ததால் மிச்சத்தை ஒன்லைன்காரருக்கு விலை குறைத்துக் கொடுத்தாலும் அவர்களுக்கு நட்டமில்லை. துபாயிலோ இந்தியாவிலோ விற்க வந்த சரக்கு ஆட்களின் சூட்கேஸில் இங்கே வரும். கடைசியாகப் போலி. பழைய போத்தலில் புதிதாக ஏதோ ஒன்றை நிரப்பி மூடியிருப்பார்கள்.

இது நம் ஊரில் மட்டும் உள்ள வருத்தமல்ல. அமெரிக்காவில் 1960இல் தொடங்கிய ரெட்கன் போன்ற கொம்பனிகள் சலூனில் மட்டும் விற்பது என்ற கொள்கையில்தான் வளர்ந்தன. 1980இல் வந்த போல் மிட்செல் கொம்பனி, சலூனில் வாங்கினால்தான் உத்தரவாதம் என்று போத்தலிலேயே அச்சிட்டது. அப்படியிருந்தும் அங்குள்ள சுப்பர் மார்க்கட் தட்டுகளில் அந்தப் போத்தல்கள் வந்துகொண்டுதான் இருந்தன. ஒலாப்லெக்ஸ் 2014இல் சலூன் வேலைக்கென்று தொடங்கியது. அதன் வீட்டுப் பாவனைப் போத்தலை இன்றைக்கு அங்கே பெரிய அழகுசாதனக் கடைகளில் யாரும் எடுக்கலாம். கொம்பனிக்கு விற்பனை பெருக வேண்டும். சலூன்களை மட்டும் நம்பி அது நிற்காது.

உங்களுக்கு உதவும் ஒரு விஷயம் சொல்கிறேன். போத்தலின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் பெச் நம்பர், அதாவது எந்தத் தொகுதியில் செய்தது என்று காட்டும் இலக்கம், அடித்திருக்கும். வழிமாறி வந்த சரக்கில் அந்த இடம் மட்டும் சுரண்டப்பட்டிருக்கும், அல்லது பெற்றோல் துணியால் துடைத்த மாதிரி மங்கிக் கிடக்கும். எந்த விநியோகஸ்தரிடமிருந்து வெளியே போனது என்று கொம்பனி கண்டுபிடிக்கக் கூடாது என்பதற்காகச் செய்வது அது. இறக்குமதியாளர் பெயர், விலாசம், அதிகூடிய சில்லறை விலை உள்ள ஸ்டிக்கரும் இருக்காது. வாடிக்கையாளர் ஒன்லைன் போத்தலைக் கொண்டுவந்து காட்டினால் சண்டை பிடிக்காமல் இந்த இரண்டையும் காட்டுங்கள். சொல்லி விளங்காதது கையில் தடவிப் பார்த்தால் விளங்கும்.

இன்னொன்று. உங்கள் காலிப் போத்தல்களை அப்படியே குப்பையில் போடாதீர்கள். லேபிளைக் கீறி, மூடியை வெட்டிவிட்டுப் போடுங்கள். காலிப் போத்தலுக்குக் காசு கொடுத்து எடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

பாலையூற்று_வாசகி

நான் சலூன்காரி இல்லை, சலூனுக்குப் போகிறவள். வாங்காமல் படம் பிடிக்கிற ஆட்களில் நானும் ஒருத்தி என்பதால் எழுதுகிறேன்.

விலைதான் காரணம் என்று எல்லாரும் நினைக்கிறீர்கள். பாதிதான் சரி. தலை பேசினில் சாய்ந்திருக்கும், கண்ணை மூடிக்கொண்டு கொஞ்சம் ஆறலாம் என்று வந்திருப்பேன். அந்த நேரத்தில் "உங்கட முடி நல்லா உடைஞ்சிருக்கு, இந்த மாஸ்க் எடுக்காட்டி இன்னும் கொட்டும்" என்று ஒரு பிள்ளை சொல்வாள். பயமாக இருக்கும். பிறகு கவுண்டரில் அதே மாஸ்க்கின் விலையைக் கேட்டால், பயமுறுத்தியது விற்பதற்காகத்தானே என்ற எண்ணம் வந்துவிடும். அதற்குப் பிறகு அவள் சொன்ன நல்ல விஷயத்தையும் நான் நம்புவதில்லை. இது நடந்த சலூன் உவர்மலையில் இல்லை, அக்கா மனம் வருந்த வேண்டாம்.

அதோடு அளவு. 300 மில்லி போத்தல் எனக்குச் சரிவருமா இல்லையா என்று தெரியாமலே முழுக் காசையும் போட வேண்டும். கடையில் சன்சில்க் சின்னப் பைக்கற்றில் எடுத்துப் பார்க்கலாம். சரிவராவிட்டால் போனது சில்லறைக் காசு.

மத்தியவீதி_கடை

எங்களையும் கொஞ்சம் பேச விடுங்கள். மத்திய வீதியில் பான்சிக் கடை. ஷாம்பூ, கிரீம், எண்ணெய், கலர் எல்லாம் இருக்கிறது.

எங்களுக்கு மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் இருக்கிறது. பெரிய கொம்பனிகளின் லொறி கடை வாசலுக்கு வருகிறது. டசினுக்கு ஒன்று இலவசம் போன்ற திட்டங்கள் தருவார்கள், தவணை தருவார்கள், காலாவதியானதில் ஒரு பகுதியைத் திருப்பி எடுப்பார்கள். தட்டும் அவர்களுடையது, போஸ்டரும் அவர்களுடையது. டீவி விளம்பரத்தைப் பார்த்துவிட்டு ஆட்கள் பெயர் சொல்லியே கேட்பார்கள். குமாரிகா எண்ணெய் என்ன, நேச்சர்ஸ் சீக்ரட்ஸ் என்ன, நான் ஒன்றையும் விளக்கத் தேவையில்லை. உங்களுக்கு இந்த வசதி ஒன்றும் இல்லை, முழுக் காசும் முன்னால் கட்டுகிறீர்கள். இந்த ஓட்டத்தில் விலையால் எங்களை வெல்ல உங்களால் முடியாது. எங்களாலேயே சுப்பர் மார்க்கட்டை வெல்ல முடியவில்லை.

ஆனால் ஒன்று சொல்கிறேன். ஒரு நாளைக்கு எத்தனையோ பேர் வந்து "அண்ணா, முடி கொட்டுது, எது நல்லம்?" என்று கேட்கிறார்கள். எனக்குத் தெரியாது. எது கூட ஓடுகிறதோ அதை எடுத்துக் கொடுக்கிறேன். அந்தத் தலையை நான் பார்த்ததும் இல்லை, தொட்டதும் இல்லை. அந்த இடம் உங்களுடையது.

இரசாயனம்_படிப்பிக்கிறவர்

பொருளுக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பற்றிக் கொஞ்சம் எழுதலாம் என்று நினைக்கிறேன்.

சலூன் ஷாம்பூவும் கடை ஷாம்பூவும் வேறு வேறு உலகம் என்று சொல்வது சரியல்ல. பல இடங்களில் முதலாளி ஒருவர்தான். லோரியல் கொம்பனி 1993இல் ரெட்கனை வாங்கியது, 2000இல் மேட்ரிக்ஸை வாங்கியது. கடைகளில் விற்கும் கார்னியரும் அவர்களுடையதே. ஷாம்பூ என்ற அளவில் நுரை தரும் பொருள், தண்ணீர், வாசனை, கொஞ்சம் கண்டிஷனிங் என்று அடிப்படை ஒன்றுதான். இதை மறைத்து "கடை ஷாம்பூ விஷம்" என்று சொல்லும் சலூன்களை வாடிக்கையாளர் ஒருநாள் கண்டுபிடிப்பார்கள். சொல்லாதீர்கள்.

ஆனால் ஹேர் கலரில் வித்தியாசம் பெரியது. பெட்டியில் வரும் கலருக்கு ஒரே ஒரு டெவலப்பர்தான், அதாவது சாயத்தோடு கலக்கும் திரவம்தான், உள்ளே இருக்கும். யாருடைய தலை என்று தெரியாமல் எல்லாருக்கும் பிடிக்க வேண்டுமே, அதனால் பெரும்பாலும் 20 வொலியூம், அதாவது 6 சதவீத ஐதரசன் பேரொட்சைட்டு. சலூனில் 10 வொலியூம் 3 சதவீதம், 30 வொலியூம் 9 சதவீதம் என்று தலைக்கேற்ப எடுக்கலாம். ஏற்கெனவே கலர் போட்ட நுனிக்கு ஒன்று, புதிதாக வளர்ந்த அடிக்கு ஒன்று என்று பிரித்தும் பூசலாம். அதைப் பெட்டி செய்யாது. கறுப்பு மருதாணி என்று விற்கும் பைக்கற்றுகள் பலவற்றில் பி.பி.டி. என்ற சாயப்பொருள் இருக்கிறது. மருதாணிதானே என்று நம்பிப் போட்டு முகம் வீங்கி ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் உண்டு. எந்தக் கலரானாலும் 48 மணித்தியாலத்துக்கு முன் காதின் பின்புறமோ முழங்கை மடிப்பிலோ கொஞ்சம் பூசிப் பார்க்க வேண்டும்.

அடுத்தது தண்ணீர். "உப்புத் தண்ணிதான் முடியைக் கெடுக்குது" என்று எல்லாரும் சொல்கிறோம். உப்பும் வன்மையும் இரண்டு வேறு விஷயம். கடலோரக் கிணறுகளில் கோடைக்கு உப்புத் தட்டும், அது முடியை உலர வைக்கும். கல்சியமும் மக்னீசியமும் கூடியது வன்னீர். சவர்க்காரம் நுரைக்காது, கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படியும், முடியிலும் அப்படியே படியும். முடி சொரசொரப்பாகி கலர் மங்கும். கந்தளாயிலிருந்து வரும் குழாய்த் தண்ணீரில் முழுகுகிறவருக்கும் வீட்டுக் கிணற்றில் முழுகுகிறவருக்கும் ஒரே ஷாம்பூவைக் கொடுத்தால் ஒரே பலன் வராது. படிவை எடுக்க ஈ.டி.டி.ஏ. போன்ற பொருள் கூடுதலாக உள்ள ஷாம்பூ இருக்கிறது. அதை மாதத்தில் ஒன்றிரண்டு தடவை பாவித்தால் போதும், தினமும் போட்டால் முடி வறண்டுவிடும்.

வாடிக்கையாளரிடம் முதலில் கேட்க வேண்டியது, "வீட்டில் என்ன தண்ணீர்?"

உவர்மலை_சலூன்

சேர், இந்தக் கேள்வியை நான் கேட்டதே இல்லை என்று சொன்னால் பொய். நிலாவெளிப் பக்கத்திலிருந்து வருகிறவர்களிடம் கேட்பேன். டவுனுக்குள் இருக்கிறவர்களிடம் கேட்க வேண்டும் என்று தோன்றியதில்லை, குழாய்த் தண்ணீர்தானே என்று இருந்துவிட்டேன். மோட்டர் போட்டுக் கிணற்றுத் தண்ணீரைத் தாங்கிக்கு ஏற்றுகிற வீடுகள் டவுனிலும் நிறைய இருக்கின்றன. இனி எல்லாரிடமும் கேட்பேன்.

கிண்ணியா_வீட்டுச்சலூன்

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லோருக்கும் வணக்கம். நான் கிண்ணியாவில் வீட்டில் வைத்துச் செய்கிறேன். பெண்கள் மட்டும். பெருநாளுக்கு முந்தின வாரம் மூச்சுவிட நேரம் இருக்காது, மற்ற நாளில் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று பேர்.

என்னிடம் வருகிறவர்களுக்கு இருக்கிற பிரச்சினைக்கு டீவியில் விளம்பரமே இல்லை. முழுகிவிட்டு அவசரத்தில் ஈரத் தலையோடு அபாயா போட்டு ஸ்காவ் கட்டிக்கொண்டு ஸ்கூலுக்கும் ஒபீசுக்கும் போகிறார்கள். வெக்கையில் உள்ளே வியர்க்கும். உச்சந்தலை அரிக்கும், பொடுகு வரும், காதுக்கு மேலே ஸ்காவ் இறுகும் இடத்தில் முடி உடையும். இதற்குக் கடையில் "முடி உதிர்வுக்கு" என்று எழுதியதை எடுத்துப் போட்டால் ஒன்றும் நடக்காது. இரவில் முழுகிக் காயவையுங்கள், உள்ளே பருத்தித் துணித் தொப்பி போடுங்கள், ஊசி குத்தும் இடத்தை மாற்றுங்கள் என்று முதலில் சொல்கிறேன். இதற்குக் காசு வாங்குவதில்லை. பிறகுதான் ஷாம்பூ.

பாலையூற்று அக்கா சொன்ன அளவுப் பிரச்சினைக்கு நான் ஒரு வழி செய்தேன். பெரிய போத்தலிலிருந்து சின்னப் போத்தல்களில் ஊற்றி 50 மில்லியாகக் கொடுக்கிறேன். நன்றாகப் போகிறது.

முன்னாள்_ரெப்

தங்கச்சி, மற்றதெல்லாம் அருமை. ஆனால் ஊற்றிக் கொடுப்பதை விட்டுவிடுங்கள். பெயரில்லை, பெச் நம்பர் இல்லை, காலாவதித் திகதி இல்லை. யாருக்காவது தோல் பொங்கினால் கொம்பனி உங்கள் பக்கம் நிற்காது, பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறைப்பாடு போனால் பதில் சொல்லவும் முடியாது. 1977 என்ற இலக்கத்துக்கு ஒரு கோல் எடுத்தால் போதும், முறைப்பாடு பதிந்துவிடுவார்கள். போலிக்காரர்கள் செய்வதையும் நீங்கள் செய்வதையும் வெளியிலிருந்து பார்க்கிற ஆளால் பிரித்தறிய முடியாது என்பதுதான் என் கவலை.

கிண்ணியா_வீட்டுச்சலூன்

நானா, அப்படி யோசிக்கவில்லை. ஆனால் முழுப் போத்தலுக்குக் காசில்லாதவளை நான் என்ன சொல்லி அனுப்புவது?

கணக்கு_பார்க்கிறவன்

அதற்கு வழி இருக்கிறது. கொஞ்சம் பொறுங்கள், முதலில் அலுமாரியின் கணக்கைப் பார்ப்போம். சின்ன வியாபாரங்களுக்குக் கணக்கு எழுதுவது என் தொழில். கீழே உள்ள விலைகள் கணக்கைக் காட்டுவதற்காக நான் வைத்துக்கொண்டவை, உங்கள் பில்லைப் போட்டு மாற்றிப் பாருங்கள்.

ஒரு போத்தலை 4,000 ரூபாவுக்கு எடுத்து 5,000க்கு விற்கிறீர்கள் என்று வைப்போம். ஒரு டசின் எடுக்க 48,000. அதில் ஒன்று விற்காமல் காலாவதியாகிறது. பதினொன்று விற்று 55,000. விற்ற பிள்ளைக்குப் பத்து சதவீதக் கொமிஷன் 5,500. மிச்சம் 49,500. லாபம் 1,500 ரூபா. அந்தப் பதினொன்றில் மூன்றைத் தெரிந்தவர், சொந்தக்காரர் என்று 4,500க்குக் கொடுத்தால் லாபம் 150 ரூபாவுக்கு இறங்கிவிடும். இதற்காக 48,000 ரூபா மாதக்கணக்கில் கண்ணாடிக்குள் முடங்கிக் கிடக்கிறது. கொழும்பிலிருந்து பார்சல் வந்த கூலியை நான் சேர்க்கவே இல்லை.

இப்போது கிண்ணியாத் தங்கச்சியின் கேள்வி. சலூனில் பாவிக்கிற 1.5 லீற்றர் ஷாம்பூப் போத்தல் 12,000 என்று வைப்போம். ஒரு மில்லி 8 ரூபா. இரண்டு முறை நுரைத்துக் கழுவ 15 மில்லி, அதாவது 120 ரூபா. அரை லீற்றர் மாஸ்க் 7,500 என்றால் ஒரு தலைக்கு 20 மில்லி, 300 ரூபா. மொத்தம் 420. கழுவி மாஸ்க் போட்டுக் காயவைத்துவிட 1,500 வாங்கினால் ஆள் கூலி, கரண்ட், தண்ணீர் எல்லாவற்றுக்குமாக 1,080 கையில் நிற்கிறது. ஒரு ஷாம்பூப் போத்தலில் நூறு தலை. காலாவதிப் பயமில்லை. அந்தப் பெண்ணும் 5,000 போட்டு முழுப் போத்தல் எடுக்காமல் நல்ல பொருளைத் தன் தலையில் பார்த்துவிடுகிறாள். ஒன்லைன்காரரால் இதை விற்க முடியாது.

என் கருத்து இதுதான். போத்தலை விற்று வாழலாம் என்ற எண்ணத்தை விட்டு, பெரிய போத்தலைச் சலூனுக்குள் வைத்து மாதத்தில் இரண்டு தடவை கழுவுவதை ஒரு சேவையாக விற்கப் பாருங்கள்.

நிலாவெளி_கரை

எல்லாருக்கும் அது பொருந்தாது என்று நினைக்கிறேன். எங்கள் சலூன் ஹோட்டல்களுக்குப் பக்கத்தில். மே தொடக்கம் செப்டம்பர் வரை சீசன். வெள்ளைக்காரர் கடலில் குளித்து முடி கயிறு மாதிரி திரண்டுபோய் வருகிறார்கள், கண்டிஷனர் கொண்டுவர மறந்திருப்பார்கள், சொன்ன விலைக்கு எடுப்பார்கள். நீச்சல் தடாகத்துத் தண்ணீரிலுள்ள செம்பு ஏறி பொன்முடி பச்சை தட்டியும் சிலர் வருவார்கள், அவர்களுக்கு சேர் சொன்ன ஈ.டி.டி.ஏ. ஷாம்பூதான் போடுகிறோம். எங்களுக்கு அலுமாரி வேண்டும். ஆனால் ஒக்டோபரில் அதைக் காலி செய்துவிட வேண்டும், அதுதான் எங்கள் தலையிடி. விநியோகஸ்தர் குறைந்தது இவ்வளவு எடுக்க வேண்டும் என்று ஒரு தொகை சொல்கிறார், சீசன் முடிவில் மிஞ்சுகிறது.

சந்தி_பாபர்

அநுராதபுரச் சந்திப் பக்கம் ஆண்கள் சலூன். பொடியன்கள் வக்ஸ் வாங்குவது ஒரே காரணத்தால்தான்: கண்ணாடிக்கு முன்னால் அவர்கள் தலையில் போட்டுக் காட்டுகிறேன். எவ்வளவு எடுக்கிறேன் என்று விரல் நுனியைக் காட்டுவேன். வீட்டில் போய்ச் செய்து பார்த்து அதே மாதிரி வந்தால் அடுத்த மாதம் தானாகக் கேட்பான். மற்றபடி நான் எதையும் விற்கப் பேசுவதில்லை.

உவர்மலை_சலூன்

எல்லாருடைய பதிலையும் இரண்டு மூன்று தடவை வாசித்தேன். அதற்குள் இன்னொரு கவலையையும் கேட்டுவிடுகிறேன், இதுவும் இதே விஷயம்தான். கலியாணத்துக்கு முன் பேஷியலுக்கு வருகிற பிள்ளைகள் பேஸ்புக்கில் வாங்கிய வெள்ளையாக்கும் கிரீம் பாவிக்கிறார்கள். சின்ன டப்பா. லேபிளில் எங்கே செய்தது என்றுகூட இல்லை. இரண்டு கிழமையில் முகம் பளிச்சென்று வருவது உண்மை. "உங்கட பேஷியலை விட இது நல்லா வேலை செய்யுது, விலையும் குறைவு" என்று என் முகத்துக்கு நேரே சொல்கிறார்கள். நிறுத்தியவுடன் முன்னதை விடக் கறுக்கிறது. என்ன சொல்லி மறிப்பது?

இரசாயனம்_படிப்பிக்கிறவர்

இதில் மென்மையாகப் பேச வேண்டாம். அவ்வளவு கெதியாக வெளுக்கிற கிரீமில் பாதரசமோ வலுவான ஸ்டெரொயிட்டோ இருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும். பாதரசம் தோலால் உள்ளே போய்ச் சிறுநீரகத்தைப் பாதிக்கும், நரம்பையும் பாதிக்கும். கர்ப்பிணிக்கு வயிற்றுப் பிள்ளைக்கும் போகும். கலியாணத்துக்கு ஆயத்தமாகிற பிள்ளை இதைப் பூசுகிறாள் என்பதை யோசித்துப் பாருங்கள். பாதரசத்தைக் கட்டுப்படுத்த நாடுகள் சேர்ந்து செய்த மினமாட்டா ஒப்பந்தம் அழகுசாதனத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்று முதலில் எல்லை போட்டது. 2023இல் கூடிய நாடுகள் அந்த அளவையும் எடுத்துவிட்டு, பாதரசம் சேர்த்த அழகுசாதனமே 2025க்குப் பின் இருக்கக் கூடாது என்று முடிவெடுத்தன.

டப்பாவில் ஏதாவது எழுதியிருந்தால் இரண்டு விஷயம் பாருங்கள். கலோமெல், மேர்கியூரிக், மேர்கியூரஸ் என்ற சொற்கள், எல்லாம் பாதரசத்தைக் குறிப்பவை. அடுத்தது, தங்கம், வெள்ளி நகையில் பட விடாதீர்கள் என்ற எச்சரிக்கை. பாதரசம் தங்கத்தோடு சேர்ந்து அதை வெளிறச் செய்யும் என்பதால் அந்த வரியைப் போடுகிறார்கள். அந்த வரியைக் கண்டால் வேறு ஆராய்ச்சி தேவையில்லை. ஒன்றுமே எழுதாத டப்பா அதை விட மோசம். நிறுத்தச் சொல்லி, தோல் வைத்தியரிடம் டப்பாவையும் கொண்டு போகச் சொல்லுங்கள். ஸ்டெரொயிட் உள்ளதென்றால் திடீரென்று நிறுத்தினால் முகம் சிவந்து பொங்கும், அதற்கும் வைத்தியர் தேவை.

மத்தியவீதி_கடை

இந்தக் கிரீமை எனக்கும் கொண்டுவந்து தந்தார்கள். நல்ல லாபம் என்றார்கள். பில் கேட்டேன், இல்லை என்றார்கள். அன்றோடு விட்டேன். பில் இல்லாத சாமானை எந்தக் கடைக்காரரும் தொடக் கூடாது. நாளைக்கு யாராவது முகத்தைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றால் நான் யாரைக் காட்டுவது?

பாலையூற்று_வாசகி

கழுவும் சேவையைப் பற்றி ஒரு வாடிக்கையாளராகச் சொல்கிறேன். நான் வருவேன். மாதத்தில் இரண்டு தடவை 1,500 என்பது யோசிக்கக்கூடிய காசுதான், ஆனால் ஒரே தடவையில் 5,000 கேட்பதை விடச் சுகம். கலியாணம், கோயில் திருவிழா என்று ஏதாவது வரும் மாதத்தில் எப்படியும் சலூனுக்கு வருவேன்.

எனக்கு இன்னும் ஒன்று வேண்டும். சொல்வதை எழுதித் தாருங்கள். வைத்தியர் துண்டு தருவது மாதிரி ஒரு சின்ன மட்டை. என்ன தண்ணீர், கடைசியாக எப்போது கலர் போட்டது, எந்த நம்பர், எந்த டெவலப்பர், வீட்டில் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது. சுப்பர் மார்க்கட்டில் எடுக்கக்கூடிய பொருளே போதும் என்றால் அதையும் எழுதுங்கள். அப்படி எழுதித் தந்த சலூனை நான் விடமாட்டேன். "இது மட்டும் எங்களிடம் எடுங்கள்" என்று அவர்கள் சொல்வதையும் நம்புவேன்.

முன்னாள்_ரெப்

அந்த மட்டையில் கலர் நம்பரைப் போடுவதை எத்தனையோ சலூன்கள் விரும்புவதில்லை. வேறு சலூனுக்குக் கொண்டுபோய்விடுவார்கள் என்று பயம். ஆனால் ஒருத்திக்குக் கலர் ஒத்துக்கொள்ளாமல் போனாலோ, வெளிநாட்டுக்குப் போய் அங்கே கலர் போட்டாலோ அந்த நம்பர் அவளுக்குத் தேவை. கொடுப்பதுதான் சரி.

குறைந்த அளவுப் பிரச்சினை பற்றி: அந்தத் தொகை கடவுள் போட்டதல்ல. மூன்று நான்கு சலூன் சேர்ந்து ஒரே ஓடராகப் போட்டால், ஒரே பில்லில் ஒரு சலூன் பொறுப்பெடுத்தால், பார்சல் கூலியும் குறையும், கழிவும் கேட்கலாம். காலாவதிக்கு ஒரு வருடத்துக்குக் குறைவாக உள்ளதை எடுக்க மாட்டோம் என்று முதலே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் தூர ஊர்களுக்குத்தான் பழைய சரக்கைத் தள்ளுவார்கள். அந்த வேலையை எங்களைக் கொண்டுதான் செய்வித்தார்கள், அதனால் எனக்குத் தெரியும்.

உவர்மலை_சலூன்

சரி, நான் செய்யப் போவதைச் சொல்கிறேன்.

சுப்பர் மார்க்கட்டிலும் அதே மாதிரிப் பொருள் கிடைக்கிற சாதாரண ஷாம்பூ, கண்டிஷனர் இரண்டையும் அலுமாரியிலிருந்து எடுக்கிறேன். இருக்கிறதை விற்று முடித்தபின் திரும்ப எடுப்பதில்லை. வைப்பது மூன்று: கலர் போட்டவர்களுக்கான ஷாம்பூ, வன்னீர்ப் படிவு எடுக்கிற ஷாம்பூ, பொடுகுக்கும் அரிப்புக்கும் உள்ளது. இந்த மூன்றையும் என் பிள்ளைகள் முதலில் தங்கள் தலையில் பாவிக்க வேண்டும். பேசினில் ஆள் சாய்ந்திருக்கும்போது விற்பனைப் பேச்சு இனி இல்லை. பாலையூற்றுத் தங்கச்சி, இதை நான் அவர்களுக்கு இன்றைக்கே சொல்லிவிட்டேன். கொமிஷனை விற்ற போத்தலுக்குக் கொடுக்காமல், திரும்பி வருகிற வாடிக்கையாளருக்குக் கொடுக்கலாமா என்று யோசிக்கிறேன். கணக்குத் தம்பி, அதை எப்படி எழுதுவது என்று ஒரு வழி சொல்லுங்கள்.

கழுவும் சேவை ஆவணிக் கலியாணங்களுக்கு முன் தொடங்கும். மட்டையை அச்சடிக்கக் கொடுக்கப் போகிறேன். தண்ணீர் முதல் வரி. பேஷியலுக்கு வருகிறவர்களுக்கு வேறு மட்டை, அதில் "இப்போது என்ன கிரீம் பாவிக்கிறீர்கள், டப்பாவைக் கொண்டு வாருங்கள்" என்று இருக்கும்.

சேர்ந்து ஓடர் போடுவதற்கு நான் பொறுப்பெடுக்கிறேன், பில் என் சலூன் பெயரில் இருக்கட்டும். நிலாவெளி, உங்கள் சீசன் நடப்பதால் உங்களுக்கு முதலில் வேண்டியதைச் சொல்லுங்கள். செப்டம்பருக்குப் பிறகு மிஞ்சினால் காலாவதி இருக்கிற போத்தல்களை நான் வாங்கின விலைக்கு எடுக்கிறேன், இங்கே வருடம் முழுக்க ஆள் வரும். கிண்ணியாத் தங்கச்சி, உங்களுக்கு ஒரே ஒரு பெரிய போத்தல் என்றாலும் போடலாம்.

கிண்ணியா_வீட்டுச்சலூன்

அக்கா, பொடுகு ஷாம்பூ பெரிய போத்தல் ஒன்று, மாஸ்க் அரை லீற்றர் ஒன்று. சின்னப் போத்தலில் ஊற்றுவதை நிறுத்திவிட்டேன். ஏற்கெனவே எடுத்துப் போனவர்களை இலவசமாக ஒருமுறை கழுவ வரச் சொல்லியிருக்கிறேன். பார்சல் வந்ததும் சொல்லுங்கள், பஸ் ஸ்டாண்டில் வந்து எடுக்கிறேன்.

நிலாவெளி_கரை

கண்டிஷனர் ஒரு டசின், படிவு எடுக்கிறது பெரிய போத்தல் இரண்டு. திகதியைப் பார்த்துத்தான் பொறுப்பெடுக்க வேண்டும் என்று அவர்களுக்கு எழுத்தில் கொடுங்கள் அக்கா.